வாட்டர்கிரெஸ்: தண்டுக்கு மணிக்கணக்கு, கொழுந்துக்கு நிமிடக்கணக்கு

கான்டனீஸ் வீடுகளில் சோறு உண்டென்றால் சூப்பும் உண்டு. எலும்பும் காயும் காய்ந்த பழங்களும் சேர்ந்து அடுப்பின் ஓரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் கொதித்துக்கொண்டிருக்கும். இப்படி நெடுநேரம் காய்ச்சும் சூப்பை ‘லோ ஃபோ டோங்’ என்பார்கள். இலையுதிர்காலம் முடிந்து காற்று வறண்டு, தொண்டை கரகரக்கத் தொடங்கும் மாதங்களில் அந்தப் பானைக்குள் தவறாமல் விழும் கீரை வாட்டர்கிரெஸ். கான்டனீஸில் அது சாய் யோங் சோய். குவாங்டோங், ஹாங்காங், மக்காவ் வீடுகளிலும், அங்கிருந்து கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் சிங்கப்பூர், மலேசியாவிலும் அம்மா வைத்த சூப் எது என்று கேட்டால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

ஹாங்காங்கின் மோங் கொக் பகுதியில் இந்தக் கீரையின் பெயரில் ஒரு தெருவே இருக்கிறது. இன்று மின்சாதனக் கடைகள் நெருக்கியடிக்கும் அந்தத் தெரு ஒருகாலத்தில் வாட்டர்கிரெஸ் பாத்தியாக இருந்த இடம். பக்கத்திலுள்ள டுங் சோய் தெருவின் பெயர் வள்ளைக்கீரையிலிருந்து வந்தது. நகரம் வளர்ந்து அந்த வயல்கள் போய்விட்டன. ஆனால் டாய் மோ ஷான் மலைச்சரிவில் உள்ள சுவென் லுங் கிராமத்தில் மலை ஊற்றுநீர் பாயும் பாத்திகளில் கீரை இன்னும் விளைகிறது. அந்த ஊர்த் தேநீர்க்கடைகளுக்கு டிம் சம் சாப்பிட வருகிறவர்கள், அங்கேயே பறித்து வெந்நீரில் முக்கியெடுத்த கீரையையும் ஒரு தட்டு கேட்டு வாங்குவார்கள். இந்தச் செடிக்கு ஓடும் தண்ணீர் வேண்டும், குளிர்ச்சியும் வேண்டும். மலேசியாவில் கேமரன் மலை மாதிரியான உயரமான இடங்களில் இது செழிப்பதும் அதனால்தான்.

தாவரவியல்படி இது கடுகுக் குடும்பம். ஓர் இலையைப் பச்சையாக மென்று பார்த்தால் உறவு உடனே தெரிந்துவிடும். காரம் மூக்குக்கு ஏறும். ஐரோப்பியர்கள் அந்தக் காரத்துக்காகவே இதைப் பச்சையாகத் தின்கிறார்கள். கான்டனீஸ் சமையலில் பச்சை வாட்டர்கிரெஸுக்கு வேலையே இல்லை. காரம் முழுவதும் அடங்கி, உள்ளே ஒளிந்திருக்கும் மெல்லிய இனிப்பும் மண்ணின் வாசமும் வெளிவரும்வரை அதைச் சமைக்கிறார்கள்.

இந்தக் கீரையில் பலர் தோற்பது ஒரே இடத்தில்தான். கட்டை அப்படியே நறுக்கி, முருங்கைக்கீரைக்கும் தண்டுக்கீரைக்கும் கொடுக்கும் அதே பத்துப் பன்னிரண்டு நிமிடத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் கொழுந்து குழைந்து நிறம் செத்திருக்கும். தண்டோ இன்னும் நாராகவே பல்லில் சிக்கும். வாட்டர்கிரெஸுக்கு நடுவழி ஒத்துவராது. ஒரே கட்டில் இரண்டு கீரை இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். கொழுந்துக்கு இரண்டு நிமிடம் போதும். தண்டுக்கு இரண்டு மணி நேரம் வேண்டும். சூப்புக்கு முழுக் கட்டையும் போடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் வழக்கம், அதில் குற்றமும் இல்லை. ஆனால் ஒரு கட்டு வாங்கி இரண்டு பதார்த்தம் செய்வதையே இந்த அத்தியாயம் சொல்லித் தரப்போகிறது. காலையில் தண்டு பானைக்குப் போகட்டும். சாப்பிட உட்காரும் நேரத்தில் கொழுந்து வாணலிக்குப் போகட்டும்.

வாங்குவதும் ஆய்வதும்

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் சீனப் பாட்டிமார் இந்தக் கீரையை எடுத்துப் பார்ப்பதைக் கவனியுங்கள். மேல் இலையை அவர்கள் பார்ப்பதே இல்லை. கட்டியிருக்கும் கயிற்றுக்கு அடியில் விரலை நுழைத்துத் தடவுவார்கள். அழுகல் முதலில் தொடங்குவது அங்கேதான். வெளியே பச்சைப்பசேலென்று இருக்கும் கட்டு உள்ளே வழுவழுத்துப் போயிருக்கும். பிறகு ஒரு தண்டை ஒடிப்பார்கள். நல்ல தண்டு ‘டக்’கென்று ஒடியும், உள்ளே சிறு துளை தெரியும். வளைந்து நார் இழுத்தால் முற்றியது. மஞ்சள் இலையும் பூவும் உள்ள கட்டில் கசப்பு கூடுதல். கணுக்களில் வெள்ளை வேர் நூல்நூலாகத் தொங்கினால் பயப்பட வேண்டாம். தண்ணீரில் வளர்வதால் எல்லாக் கணுவும் வேர்விடும், உருவிப் போட்டால் போதும்.

நான்கைந்து பேருக்கு 600 கிராம் வாங்குங்கள். ஹாங்காங், சிங்கப்பூர்ச் சந்தைக் கணக்கில் ஏறக்குறைய ஒரு காட்டி. வெந்தபின் இது எவ்வளவு சுண்டும் என்பது முதல் முறை சமைப்பவர்களைத் திகைக்க வைக்கும்.

ஆய்வதற்கு நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு தண்டிலும் நுனியிலிருந்து ஒரு விரல் நீளத்தைக் கையால் கிள்ளித் தனியே வையுங்கள். நகம் தானாக இறங்கும் இடம்வரை கொழுந்து. அழுத்திக் கிள்ள வேண்டிய இடத்திலிருந்து தண்டு. கத்தி இந்த வேறுபாட்டைக் காட்டாது, விரல் காட்டும். 600 கிராம் கட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுந்தாகத் தேறும்.

பிறகு அலசல். நீரில் வளரும் செடி என்பதால் சிறு நத்தை, பூச்சி, சில சமயம் அட்டைகூட ஒட்டியிருக்கும். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி ஒரு கைப்பிடிக் கல்லுப்பு கரைத்து, கீரையை முழுக அமுக்கி இருபது நிமிடம் விடுங்கள். கீரையைத் தண்ணீரிலிருந்து தூக்கி எடுக்க வேண்டும். பாத்திரத்தைச் சாய்த்து வடிகட்டினால் அடியில் படிந்த மண் மறுபடி கீரை மேலேயே விழும். நல்ல தண்ணீரில் இன்னும் இரண்டு மூன்று முறை இதையே செய்யுங்கள்.

எத்தனை முறை அலசினாலும் பச்சையாகத் தின்பது பாதுகாப்பு ஆகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆடு மாடு மேயும் இடத்து ஓடைகளில் கல்லீரல் தட்டைப்புழுவின் இளநிலை நீர்த்தாவரங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். அது கழுவினால் உறுதியாகப் போகாது; நன்றாகச் சூடு பட்டால் சாகும். ஆகவே மலைப்பக்கம் போகும்போது ஓடையில் தானாக வளர்ந்திருக்கும் வாட்டர்கிரெஸைப் பறித்து வாயில் போடாதீர்கள்.

பானைச் சூப்

தேவையானவை: தண்டு 400 கிராம், பன்றி முதுகெலும்பு அல்லது விலா 500 கிராம், தண்ணீர் இரண்டரை லிட்டர், ஒரு கேரட், சர்க்கரைப் பாகில் ஊறிக் காய்ந்த இலந்தை மூன்று, தென்வகை ஏப்ரிகாட் பருப்பு ஒரு மேசைக்கரண்டி, வடவகை ஒரு தேக்கரண்டிக்குள், காய்ந்த ஆரஞ்சுத் தோல் ஒரு துண்டு. பன்றி உண்ணாதவர்கள் கோழி எலும்பும் கோழிக்காலும் சேர்த்துப் போடலாம். சுவை சற்று இலேசாக இருக்கும், குறையாக இருக்காது.

சீன மளிகைக்கடையில் பழுப்பு நிறத்தில், மேலே கோடு கோடாகக் கீறியிருக்கும் இனிப்புப் பழம்தான் இந்த இலந்தை. பலர் இதைப் பேரீச்சை என்று எண்ணிப் பேரீச்சம்பழத்தையே போட்டுவிடுகிறார்கள். சூப் கலங்கிப் பாகு வாசம் அடிக்கும். இந்த இனிப்பு அலங்காரத்துக்கு அல்ல. வாட்டர்கிரெஸின் கசப்பை அடக்குவது இதுதான், அதனால் இதை விட்டுவிடாதீர்கள். கிடைக்காவிட்டால் காய்ந்த அத்திப்பழம் இரண்டு போடலாம். கான்டனீஸ் வீடுகளிலும் அதைப் போடுவதுண்டு.

ஏப்ரிகாட் பருப்பில் தென்வகை இனிப்பு, வடவகை கசப்பு. இந்தக் கசப்பு, உடலுக்குள் சயனைடாக மாறக்கூடிய பொருளின் கசப்பு. அதனால் வடவகையைச் சிறிதளவே போட வேண்டும், பச்சையாக மெல்லவோ பொடித்துக் குடிக்கவோ கூடாது. வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் வடவகையை விட்டுவிட்டுத் தென்வகை மட்டும் போடுங்கள். சூப்புக்கு ஒன்றும் குறையாது.

வசதி இருந்தால் காய்ந்த வாத்து இரைப்பை ஒன்றோ இரண்டோ வாங்கி, வெந்நீரில் ஊறவைத்துத் துண்டு போட்டுச் சேருங்கள். கருவாட்டுக்கு உரிய அடர்த்தியான ருசி அதில் உண்டு. பழைய தலைமுறை கான்டனீஸ் சமையல்காரர்கள் இரைப்பை இல்லாத வாட்டர்கிரெஸ் சூப்பைப் பாதிச் சூப்பாகவே கருதுவார்கள்.

முதலில் எலும்பு. குளிர்ந்த தண்ணீரில் எலும்பைப் போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். தண்ணீர் சூடேறும்போது சாம்பல் நிற நுரை மேலே திரளும். கொதி வந்து ஐந்து நிமிடம் கழித்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, எலும்பைக் குழாயடியில் ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். எலும்பு இடுக்கில் உறைந்த ரத்தத்தை விரலால் நோண்டி எடுத்துவிட வேண்டும். இந்த ஐந்து நிமிடத்தைத் தவிர்க்கலாம் என்று தோன்றும். தவிர்த்தால் கவிச்சி கடைசிவரை போகாது, எவ்வளவு இஞ்சி போட்டாலும்.

இப்போது பானையில் இரண்டரை லிட்டர் தண்ணீர், கழுவிய எலும்பு, இரைப்பை, பருப்பு, ஆரஞ்சுத் தோல். தோலின் உள்பக்க வெள்ளையை ஊறவைத்துச் சுரண்டிவிட்டால் கசப்பு ஏறாது. பானை தளதளவென்று கொதிக்கட்டும். அந்தக் கொதியில்தான் வாட்டர்கிரெஸ் விழ வேண்டும். தண்ணீர் கொதிக்காமல் கீரையைப் போட்டால் சூப் கசக்கும் என்பது கான்டனீஸ் வீடுகளில் தாய் மகளுக்குச் சொல்லும் விதி. விதிக்குப் பின்னால் நியாயமும் இருக்கிறது. இலையின் காரமும் கசப்பும் ஒரு நொதியின் வேலையால் பிறக்கின்றன. இலை நசுங்கும்போது அந்த நொதி கிளம்பும், கடும் சூட்டில் செத்துவிடும். வெதுவெதுப்பில் மெல்லச் சூடேற விட்டால் அதற்கு வேலை செய்ய அவகாசம் கிடைக்கிறது. கொதிநீரில் போட்டால் அந்த அவகாசமே இல்லை. ஆகவே தண்டை ஒரே கொத்தாகக் கொட்டாதீர்கள், கொதி அடங்கிவிடும். பிடி பிடியாகப் போட்டு, ஒவ்வொரு பிடிக்கும் கொதி திரும்பும்வரை காத்திருங்கள். நூலால் சிறு முடிகளாகக் கட்டிப் போட்டால் பிறகு எடுக்க எளிது.

எல்லாம் விழுந்தபின் கேரட்டும் இலந்தையும். மூடியைச் சற்றே திறந்து வைத்துப் பத்து நிமிடம் நல்ல தீயில் கொதிக்க விடுங்கள், பிறகு சிம்மில் வையுங்கள். நீரின் மேல்தோல் அங்கங்கே சிறிதாகச் சலசலக்க வேண்டும், அதற்குமேல் வேண்டாம். இரண்டு மணி நேரம். நடுவே பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. வற்றிவிட்டால் வெந்நீர் ஊற்றுங்கள். கீரை ஆலிவ் காய் நிறத்துக்குக் கருத்துப்போகும். அதைக் கண்டு கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். நீண்ட சூட்டில் பச்சையம் தன் மக்னீசியத்தை இழப்பதன் அடையாளம் அது. உப்பு இறக்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான். முன்னதாகப் போட்டால் சூப் வற்ற வற்றக் கரிப்பு ஏறும், அளவு பிடிபடாது.

குக்கரில் வைக்கலாமா? எலும்பை மட்டும் குக்கரில் அரைமணி நேரம் வேகவைத்து, திறந்து, கொதி வந்தபின் தண்டைப் போட்டுத் திறந்த நிலையிலேயே முக்கால் மணி நேரம் காய்ச்சுங்கள். இது ஏற்கத்தக்க குறுக்குவழி. கீரையையும் சேர்த்து விசில் விட்டால் ஆவியில் சிக்கிய வாசம் புழுங்கிப்போகும். மின்சார ஸ்லோ குக்கர் உள்ளவர்கள் கீரையை முதலில் அடுப்பில் கொதிக்க வைத்துவிட்டே அதற்கு மாற்ற வேண்டும்; அந்தக் கருவி கொதிநிலைக்கு வரப் பல மணி நேரம் எடுக்கும்.

பரிமாறும் முறையும் தனி. சூப்பைக் கிண்ணத்தில் தெளிவாக ஊற்றுவார்கள். பானையில் தங்கிய எலும்பு, தண்டு, கேரட்டைத் தட்டில் வைத்து, பக்கத்தில் சிறு கிண்ணத்தில் இலேசான சோயா சாஸ் வைப்பார்கள். இறைச்சியை அதில் தொட்டு, வெண்சோற்றோடு சாப்பிடுவார்கள். சத்தெல்லாம் நீருக்குப் போய்விட்டது, சக்கை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு மணி நேரம் வெந்த தண்டு வெண்ணெயாக இளகி, எலும்பின் கொழுப்பை உறிஞ்சி வைத்திருக்கும். தூக்கி எறிவது பெரிய இழப்பு.

விரால் போட்டு

இதே சூப்பை மீனில் செய்வதும் வழக்கம், அதற்குக் கான்டனீஸ் வீடுகளில் விரும்பித் தேடுவது விரால். அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவருக்கு விரால் சூப் வைத்துக் கொடுப்பது சிங்கப்பூர், மலேசியா இரண்டிலும் சீனரும் மலாய்க்காரரும் நம்பிச் செய்கிற காரியம்.

அரை கிலோ விராலைச் சுத்தம் செய்து, ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். வாணலியில் எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் நான்கைந்து இஞ்சித் துண்டைப் போட்டு, மீனை இருபுறமும் பொன்னிறமாக வறுங்கள். வறுத்த சூட்டோடு அதன் மேல் கொதிக்கும் வெந்நீரை ஊற்ற வேண்டும். அடுப்பைக் கூட்டி வைத்துப் பத்து நிமிடம் கடுமையாகக் கொதிக்க விட்டால் சூப் பால்போல் வெளுக்கும். கொழுப்பு நுண்துளிகளாக நீரில் கலப்பதால் வரும் வெண்மை அது. பச்சைத் தண்ணீர் ஊற்றினாலோ தீ குறைவாக இருந்தாலோ வெளுக்காது. பிறகு மீனை எடுத்து மெல்லிய துணிப்பையில் கட்டி, வெளுத்த சூப்போடு பானைக்கு மாற்றி, கொதியில் தண்டைப் போட்டு ஒன்றரை மணி நேரம் காய்ச்சுங்கள். துணிப்பை அவசியம், முள் கீரையோடு கலந்துவிட்டால் யாரும் நிம்மதியாகக் குடிக்க முடியாது.

சைவப் பானை

பௌத்த விரத நாட்களில் சீன வீடுகளில் எலும்பில்லாமலும் இதைக் காய்ச்சுகிறார்கள். எலும்பு கொடுத்த அடர்த்தியை நிரப்பக் காய்ந்த ஷிடாக்கே காளான் ஆறு, ஒரு கைப்பிடி பச்சை வேர்க்கடலை, இரண்டு மக்காச்சோளம், கேரட், இலந்தை. காளான் ஊறிய நீரை மண்டி இல்லாமல் இறுத்துச் சேருங்கள். ஒன்றேகால் மணி நேரம் போதும். வேர்க்கடலை பிதுங்கும் பதத்துக்கு வந்தால் சூப்பும் தயார்.

கொழுந்துக்கு வாணலி

இனி தனியே கிள்ளி வைத்த கொழுந்து. 200 கிராம் கொழுந்துக்கு மூன்று பல் பூண்டு, ஃபூ யூ எனப்படும் புளித்த வெள்ளைச் சோயாக்கட்டி இரண்டு துண்டு, அதன் நீர் ஒரு தேக்கரண்டி, அரைத் தேக்கரண்டி சர்க்கரை. உப்பு தேவையில்லை, கட்டியிலேயே தாராளமாக இருக்கிறது. கட்டியையும் நீரையும் சர்க்கரையையும் முன்கூட்டியே குழைத்துக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிடுங்கள். வாணலி சூடான பிறகு தேட நேரம் இருக்காது.

கீரை உலர்ந்திருக்க வேண்டும். கழுவிய ஈரத்தோடு போட்டால் வதங்காது, அவியும். துணியில் பரப்பி ஒரு மணி நேரம் விட்டாலே போதும். வாணலியை எண்ணெய் இல்லாமல் புகை கிளம்பும்வரை காய்ச்சி, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, நசுக்கிய பூண்டைப் போட்டுப் பத்து நொடி. பூண்டின் விளிம்பு சிவக்குமுன் கொழுந்தைக் கொட்டிப் புரட்டுங்கள். அரை நிமிடத்தில் பாதியாகச் சுருங்கும். குழைத்ததை ஊற்றி இன்னும் நான்கைந்து புரட்டு. மொத்தம் ஒன்றரை நிமிடம். கொழுந்தின் காம்பு மட்டும் இன்னும் மொறுக்கென்று இருக்கும்போதே தட்டுக்கு மாற்றிவிடுங்கள். தட்டிலும் சூடு வேலை செய்துகொண்டுதான் இருக்கும். வீட்டு அடுப்பில் உணவகத்துத் தீ வராது. அதனால் அரை கிலோவை ஒரே நேரத்தில் போட்டு வதக்க நினைக்காதீர்கள். இரண்டு தவணையாகச் செய்யுங்கள்.

வதக்கக்கூட வேண்டாம் என்றால் சுவென் லுங் முறை இருக்கிறது. கொதிநீரில் சிறிது உப்பும் ஒரு கரண்டி எண்ணெயும் விட்டு, கொழுந்தை நாற்பது நொடி முக்கி வடித்து, மேலே சிப்பி சாஸ் ஊற்றிப் பரிமாறுங்கள். எண்ணெய் இலையின் மேல் பூசிக்கொண்டு பளபளப்பைத் தரும். சிப்பி சாஸைச் சிறிது வெந்நீரிலும் எள்ளெண்ணெயிலும் இளக்கிக்கொண்டால் கீரையின் சுவையை அமுக்காது.

ஹாங்காங்கின் டம்ப்ளிங் கடைகளில் வாட்டர்கிரெஸும் பன்றிக் கொத்திறைச்சியும் அடைத்தது நிரந்தரப் பண்டம். அதற்கும் கொழுந்துதான் சரி. வெந்நீரில் முக்கி, குளிர்நீரில் அலசி, துணியில் வைத்துச் சொட்டு நீரில்லாமல் பிழிந்து, பொடியாக நறுக்கி, இறைச்சியோடு சம அளவில் கலந்து அடையுங்கள். பிழிவதில் சலிப்புக் காட்டினால் மாவு கிழியும்.

உடல்நிலை பார்த்து

சீன மருத்துவப் பார்வையில் இது குளிர்ச்சியான கீரை, நுரையீரலின் வறட்சியைத் தணிப்பது. அதனால்தான் வறண்ட காற்றடிக்கும் மாதங்களில் இதற்குத் தேவை கூடுகிறது. ஹாங்காங்கில் இதைக் காய்ச்சி வடிகட்டித் தேனோடு விற்கும் பானமும் அந்த நம்பிக்கையில் வந்ததே. சளி பிடித்து உடம்பு குளிர்ந்திருக்கும்போது பெரியவர்கள் இதைத் தவிர்க்கச் சொல்வார்கள், அல்லது இரண்டு துண்டு இஞ்சி கூட்டிப் போடுவார்கள். நவீன மருத்துவம் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு, அதைக் கட்டாயம் கேட்க வேண்டும். இக்கீரையில் வைட்டமின் கே மிகுதி. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் திடீரென்று இதைக் கூடுதலாகச் சாப்பிடத் தொடங்கினால் மருந்தின் வேலை குறையும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, வாரத்துக்கு வாரம் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள்.

மீந்த சூப்பைச் சூடு ஆறியதும் வடிகட்டிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். கீரைச் சக்கையோடு வைத்தால் சூப் சீக்கிரம் புளிக்கும். மறுநாள் மேலே உறைந்து நிற்கும் கொழுப்பை வழித்துவிட்டு, நன்றாகக் கொதிக்க வைத்து, அதில் அரிசி நூடுல்ஸும் மிச்சமிருக்கும் ஒரு பிடிக் கொழுந்தும் போட்டு ஒரு முட்டையை அடித்து ஊற்றினால் காலை உணவு ஆயிற்று. மூன்றாம் நாளுக்கு வைக்க வேண்டாம். உடனே சமைக்க முடியாத பச்சைக் கட்டைத் தண்டு மூழ்கும்படி நீருள்ள குவளையில் நிறுத்தி, இலையை ஈரத்துணியால் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். கயிற்றை மட்டும் வாங்கி வந்த அன்றே அவிழ்த்துவிடுங்கள்.